நத்தையின் நாக்கில் ஓர் அரம்

சென்ற இதழில் மீன் தொட்டிக் கண்ணாடியில் ஊர்ந்த ஒரு நத்தையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்றது. போன வழியெல்லாம் வளைந்து வளைந்து ஒரு வெளிறிய தடம் விழுந்தது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது அந்தத் தடத்துக்குள் சன்னமான கீறல் வரிசைகள் தெரிந்தன. பயிற்சிக் காலத்தில் நான் இரும்புக் கட்டியின் மேல் போட்ட அரக்கோடுகளின் அதே சாயல். "கருவி செய்கிறவர்கள் நத்தையின் வாயைப் பார்க்க வேண்டும்" என்று போகிற போக்கில் முடித்துவிட்டேன். லேத் (கடைசல் இயந்திரம்), வெல்டிங், துருப்பிடிப்பு என்று முப்பது ஆண்டுப் பட்டறை அனுபவத்தில் நான் பதில் சொல்லிவரும் இந்தப் பகுதிக்கு இத்தனை கடிதம் எந்த உலோகத்தைப் பற்றியும் வந்ததில்லை. ஆகவே இந்த முறை முழுக்க நத்தைதான்.

கேள்வி: நத்தையின் வாயில் அப்படி என்னதான் இருக்கிறது ஐயா? பல்லா, நாக்கா? நீங்கள் 'அரம்' என்று எழுதியது உவமைதானே?
– இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி

உவமையாகத்தான் எழுதினேன் அம்மா. ஆனால் விலங்கியல்காரர்கள் எனக்கு முன்பே அதே உவமையைப் பெயராகவே வைத்துவிட்டார்கள். அந்த உறுப்பின் பெயர் ராடுலா. சுரண்டும் கருவி என்று பொருள்படும் லத்தீன் சொல். நான் இங்கே அரநாக்கு என்றே சொல்லப் போகிறேன்.

ஒரு மெல்லிய நாடாவை எண்ணிக்கொள்ளுங்கள். நாடா கைட்டின் என்னும் பொருளால் ஆனது. வண்டின் ஓடும் அதே இனத்துப் பொருள்தான். நாடாவின் மேல் குறுக்குவாட்டில் வரிசை வரிசையாகப் பற்கள். நாடாவுக்கு அடியில் குருத்தெலும்பைப் போன்ற ஒரு திண்டும், அதை முன்னும் பின்னும் இழுக்கும் தசைகளும் இருக்கின்றன. தின்னும்போது திண்டு வாய்க்கு வெளியே நீள்கிறது, நாடா அதன் முனையில் வளைந்து பரப்பை வழித்தெடுக்கிறது, பிறகு உணவோடு உள்ளே திரும்புகிறது. சிப்பிகளைத் தவிர மெல்லுடலிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அரநாக்கு உண்டு.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் கிடைக்கும். கருவி செய்கிறவனின் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. அரநாக்கின் பின்முனையில் ஒரு பை இருக்கிறது. அங்கே புதிய பல் வரிசைகள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. நாடா மெதுவாக முன்னோக்கி வளர்கிறது. முன்னால் இருக்கும் வரிசை தேய்ந்து, உடைந்து, உதிர்கிறது. அதன் இடத்துக்கு அடுத்த வரிசை வந்து சேர்கிறது. கருவியைத் தேயாமல் வைத்திருக்க நாங்கள் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டோம். நத்தையோ தேயும் என்பதைக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. கருவி மழுங்கிவிட்டது என்று அது ஒரு நாளும் வேலையை நிறுத்துவதில்லை. இயந்திரத்தை நிறுத்தி, மழுங்கிய வெட்டுமுனையைக் கழற்றி, புதியதை மாட்டி, அளவை மறுபடி சரிபார்த்து எத்தனை மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கேள்வி: நத்தைக்குப் பதினாலாயிரம் பல் என்று என் மகன் சொல்கிறான். பல் மருத்துவரான என்னையே மிரட்டுகிறான். உண்மையா?
– ஒரு பல் மருத்துவர்

தோட்டத்து நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பற்கள் உண்டு. குறுக்கே நூற்றுக்கு மேல், நெடுக நூற்றுக்கு மேல் என்று பெருக்கிப் பார்த்தால் பையன் சொல்லும் எண்ணுக்கு அருகில் வந்துவிடுவீர்கள். எல்லா நத்தைக்கும் அதுவே கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில இனங்களுக்கு ஒரு வரிசையில் ஏழே பற்கள். சிலவற்றுக்கு விளிம்புப் பற்கள் துடைப்பக் குச்சிகளைப் போலக் கணக்கில்லாமல் விரியும். எண்ணிக்கையைச் சொல்லி மிரட்டுகிற பையனிடம் "ஏன் ஒன்றுக்கு வரிசையில் ஏழு, இன்னொன்றுக்கு நூறு?" என்று திருப்பிக் கேளுங்கள். வடிவமைப்பு அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் தொழிலுக்கு ஆபத்தில்லை. நத்தைக்குச் சொத்தை வருவதற்குள் பல்லே போய்விடும்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெறும் பெல்ட் சாண்டர். நாங்கள் தினமும் மரம் தேய்க்கும் இயந்திரம். இதில் நத்தையிடம் கற்க என்ன இருக்கிறது?
– மரவேலைப் பட்டறை நடத்துபவர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

முதல் வித்தியாசம்: உங்கள் பெல்ட் ஒரே திசையில் முடிவில்லாமல் சுற்றுகிறது. நத்தையின் நாடா சுற்றுவதில்லை. முன்னே ஒரு வீச்சு, பின்னே ஒரு வீச்சு. நாடா முன்னோக்கி நகர்வது வளர்ச்சியினால். அது ஒரு நாளைக்குச் சில வரிசை என்ற வேகத்தில் நடப்பது, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இதற்கு உறவு பெல்ட் சாண்டர் இல்லை. கையால் போடும் அரம்தான்.

கையால் அரம் போட்டவர்களுக்கு முதல் நாள் பாடம் என்னவென்று தெரியும். என் ஃபோர்மேன் என்னிடம் ஒரு தட்டை அரத்தையும் ஓர் இரும்புக் கட்டியையும் கொடுத்து, கட்டி சதுரமாகும் வரை வேறு எதையும் தொடாதே என்றார். நான் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "திரும்பும்போது தூக்கு!" என்று ஒரு அதட்டல் போட்டார். அரத்தின் பல் ஒரு திசைக்குத்தான் வெட்டும். திரும்பும் வீச்சில் அழுத்தினால் பல்லின் முனை மழுங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பிற்பாடு, முன்னும் பின்னும் வீசி உலோகத்தைச் சீவும் ஷேப்பர் இயந்திரத்துக்கு மாறியபோது, இதே அதட்டலை இரும்பிலேயே செய்து வைத்திருப்பதைப் பார்த்தேன். கிளாப்பர் பாக்ஸ் என்பார்கள். வெட்டும் வீச்சில் கருவி விறைத்து நிற்கும். திரும்பும் வீச்சில் கீலில் தொங்கி, உலோகத்தின் மேல் வலிக்காமல் உரசிக்கொண்டு வரும்.

நத்தை இதைக் கீல் இல்லாமல் செய்கிறது. நாடா தட்டையாகக் கிடக்கும்போது பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஓடு வேய்ந்ததைப் போலப் படிந்திருக்கின்றன. அந்த நாடா திண்டின் முனையில் வளையும்போது பற்கள் தாமாகவே எழுந்து விரிகின்றன. வளைவைக் கடந்து உள்ளே போனதும் மறுபடி படிந்துவிடுகின்றன. நாடா வளைகிற வளைவே விசை; ஒவ்வொரு பல்லுக்கும் தனியாகத் தசையோ கீலோ தேவையில்லை. வேலை செய்யும் இடத்தில் மட்டும் கூர்மை, மற்ற இடத்தில் தன் வாயையே கிழித்துக்கொள்ளாத பதவிசு. படிந்து திரும்பும் பற்கள் வழித்த உணவையும் பிடித்து உள்ளே கொண்டுபோய்விடுகின்றன. வெட்டுவது, அள்ளுவது, கடத்துவது என்று மூன்று வேலை. நம்முடைய ஆலையில் அதற்கு மூன்று இயந்திரம் நிற்கும். மூன்றுக்கும் நடுவே ஓர் ஆள் துடைப்பத்தோடு நிற்பார்.

இரண்டாவது வித்தியாசத்தைச் சொல்ல, நான் முறித்த கருவிகளைப் பற்றிப் பேச வேண்டும். லேத்தில் தண்டை அறுத்தெடுக்கும் கருவியை மாட்டி வேலை செய்யும்போது, திடீரென்று கருவி உலோகத்துக்குள் கடித்துக்கொண்டு படார் என்று முறியும். ஒரு மாதத்தில் நான்கு முறித்தேன். காரணம் எளிமையானது. நீட்டிக்கொண்டிருக்கும் கருவி பாரத்தில் சற்றே வளைகிறது. வளையும்போது அதன் முனை இன்னும் ஆழமாக உலோகத்துக்குள் இறங்குகிறது. ஆழமானால் பாரம் கூடுகிறது. கூடினால் இன்னும் வளைகிறது. நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் தடிமனான கருவியைத் தேடினேன். ஃபோர்மேன் வாத்தின் கழுத்தைப் போல வளைந்த ஒரு கருவிப் பிடியை எடுத்துக் கொடுத்தார். அது பார்வைக்குப் பலவீனமானது. பாரம் கூடினால் அது வளையும், ஆனால் வளையும்போது முனை உலோகத்தை விட்டு வெளியே விலகும்படி அதன் வடிவம் அமைந்திருந்தது. அதற்குப் பிறகு முறியவில்லை.

நத்தையின் பல் இந்த வாத்துக் கழுத்தின் கொள்ளுப்பாட்டி. ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் வென்கே கிரிங்ஸ், கீல் பல்கலைக்கழகத்தின் ஸ்டானிஸ்லாவ் கோர்ப் ஆகியோர் ஆப்பிரிக்காவின் டாங்கனீகா ஏரி நத்தைகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரே குடும்பத்து நத்தைகள் சில பாறையிலும் சில மணலிலும் சில நீர்ச்செடிகளிலும் மேய்கின்றன. பாறையில் மேய்பவற்றின் பல் முனையில் விறைப்பாகவும் அடிப்பகுதிக்கு வர வர நெகிழ்வாகவும் இருக்கிறது. முனை கிழிக்கிறது, அடி வளைந்து கொடுக்கிறது. மென்மையான இடத்தில் மேய்பவற்றின் பற்களில் அந்தப் படித்தரம் அவ்வளவாக இல்லை, மொத்தமும் நெகிழ்வு. ஒரே வாய்க்குள்ளும் வேலைப் பிரிவினை உண்டு: நடுப்பற்கள் கிளறிவிட, விளிம்புப் பற்கள் பெருக்கி அள்ளுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது பற்கள் ஒன்றோடொன்று சாயும் ஏற்பாடு. ஒரு பல் தடையில் மோதினால் பின்னோக்கி வளைகிறது, வளைந்து அடுத்த வரிசைப் பல்லின் மேல் சாய்ந்துகொள்கிறது, பாரம் பங்காகிறது. இது பல் ஈரமாக இருந்தால்தான் நடக்கும். உலர்ந்த பல் வளைவதற்கு முன்பே ஒடிந்துவிடுகிறது. ஆக, ஈரமும் அந்தக் கருவியின் ஓர் உறுப்பு. வரைபடத்தில் பல்லின் வடிவத்தை மட்டும் நகலெடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக்கில் அச்சிட்டுவிட்டு, "நத்தையைப் பார்த்துச் செய்தேன்" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: உலகின் மிக வலிமையான உயிரியல் பொருள் நத்தைப் பல் என்று ஒரு செய்தியில் படித்தேன். அப்படியானால் அதைக் கொண்டே விமானம் கட்டலாமே?
– ஓய்வுபெற்ற கணக்காளர்

செய்தி பொய்யில்லை, தலைப்பு போட்டவர் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறார்.

அது லிம்பெட் என்னும் கடல் நத்தை. கூம்பு வடிவ ஓட்டோடு பாறையில் ஒட்டிக்கொண்டு, பாறையிலிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்பது. சுரண்டும்போது பாறையும் சேர்ந்தே வருகிறது. எறும்பு ஊரக் கல் தேய்வதற்கு எத்தனை தலைமுறை ஆகுமோ, லிம்பெட் கண்முன்னே தேய்த்துக் காட்டிவிடும். பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஏசா பார்பரும் கூட்டாளிகளும் 2015-ல் அதன் பல்லை இழுத்துப் பார்த்து அளந்தார்கள். இழுவலிமை 3 முதல் 6.5 கிகா பாஸ்கல். கணக்காளர் என்பதால் ஒரு கணக்கு: நடுவில் 5 என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள கம்பி ஏறத்தாழ 500 கிலோ எடையைத் தாங்கும். சாதாரணக் கட்டுமான எஃகில் அதே தடிமனுக்கு 50 கிலோவை ஒட்டித்தான் வரும். அதுவரை முதலிடத்தில் இருந்த சிலந்தி நூலையும் லிம்பெட் முந்திவிட்டது.

அவசரம் எங்கே என்றால், அவர்கள் இழுத்துப் பார்த்தது மயிரிழையைவிடப் பலமடங்கு மெல்லிய துண்டு. பல்லே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். வலிமைக்குக் காரணம் கைட்டினுக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்ட கோதைட் இழைகள். கோதைட் என்பது இரும்புத் தாது. ஜெர்மானியக் கவிஞர் கதேயின் நினைவாக வைத்த பெயர், நம் கோதைக்கும் அதற்கும் உறவில்லை. இழைகள் அவ்வளவு மெல்லியவையாக இருப்பதால் அவற்றுக்குள் பெரிய கீறலோ குறையோ இருக்க இடமில்லை. பெரிய பொருள்கள் முறிவது பெரும்பாலும் ஒளிந்திருக்கும் குறையிலிருந்துதான். இழையைச் சிறியதாகவே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் பெரியதாக்க முடிந்தால் வலிமையும் கூடவே வரும். 2022-ல் அதே பல்கலைக்கழகத்தில் லிம்பெட்டின் அரநாக்குச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, கைட்டின் இழைகளின் மேல் இரும்புத் தாதுவைப் படிய வைத்துப் பார்த்தார்கள். விமானம் வரை போக வேண்டுமானால் பாதை அந்தப் பக்கம்தான் கிடக்கிறது.

லேத்காரனாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோதைட்டைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அது தண்ணீரை இழந்து ஹெமடைட் என்னும் வேறு தாதுவாகிவிடும். வேகமாகச் சுற்றும் எஃகுத் தண்டில் கருவி முனை அந்தச் சூட்டை வெகு எளிதாகத் தாண்டும். நம்முடைய அதிவேக எஃகுக் கருவிகள் 600 டிகிரி வரை கெட்டித்தன்மையை விடாமல் நிற்கின்றன. லிம்பெட் தன் பல்லைக் குளிர்ந்த கடல்நீரில், அவசரமில்லாமல் பயன்படுத்துகிறது. என் பழைய லேத்தில் அதை மாட்டியிருந்தால் ஒரு சுற்றுக்குத் தாங்கியிருக்காது.

கேள்வி: கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் துரப்பணம் போட்டதைப் போலத் துல்லியமான வட்டத் துளை. நத்தை போட்டது என்கிறார்கள். சிப்பி ஓட்டிலேயே துளை போடும் அளவுக்கா அந்தப் பல் கெட்டி?
– ஒரு வாசகி

பல் மட்டும் செய்த வேலை இல்லை. சந்திர நத்தை, முட்சங்கு ஆகிய இனங்கள் சிப்பியைப் பிடித்து, முதலில் ஒரு தனி உறுப்பை ஓட்டின் மேல் ஒற்றுகின்றன. அதிலிருந்து சுரக்கும் நீர் ஓட்டைக் கரைத்து இளக்குகிறது. பிறகு அரநாக்கால் இளகியதைச் சுரண்டுகின்றன. மறுபடி ஒற்றல், மறுபடி சுரண்டல். ஒரு நாளைக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் ஆழம் போனால் அதிகம். உங்கள் துளையின் விளிம்பு கிண்ணம் போலச் சரிந்திருந்தால் சந்திர நத்தை என்று கொள்ளுங்கள். நேராக இறங்கியிருந்தால் முட்சங்காக இருக்கலாம்.

கெட்டியான பொருளை வெல்ல அதைவிடக் கெட்டியான கருவி வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பழைய நம்பிக்கை. கணினிச் சில்லு செய்கிறவர்கள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. சிலிக்கான் தட்டைப் பளபளப்பாக்கும்போது ஒரு ரசாயனக் குழம்பு மேற்பரப்பை இளக்க, மென்மையான ஒரு திண்டு அதை வழித்தெடுக்கிறது. அவர்கள் நத்தையைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இருவரும் தனித்தனியே ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நத்தை என் கையில் ஊர்ந்தால் அரத்தால் தேய்த்துவிடுமா?
– ஆறாம் வகுப்பு

தோட்டத்து நத்தை என்றால் சொரசொரவென்று ஒரு கூச்சம், அவ்வளவுதான். பூனை நக்கியதைவிட மென்மையாக இருக்கும். கையைக் கழுவிவிடு.

கடலில் கிடக்கும் அழகான கூம்பு நத்தையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையில் எடுக்காதே. அதன் பல் நாடாவில் வரிசையாக இருக்காது. உள்ளே குழாயாகத் துளையிட்ட, முனையில் கொக்கியுள்ள ஈட்டி. ஒன்றை எறிந்து மீனுக்குள் நஞ்சைச் செலுத்தும். அடுத்த வேட்டைக்குப் புதிய பல். சில இனங்களின் நஞ்சில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதே நஞ்சிலிருந்து கற்றுச் செயற்கையாகச் செய்த சிகோனோடைட் என்னும் வலி மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நத்தை வயிற்றில் முத்துப் பிறக்கும் என்பார்கள். இது வாயில் பிறந்தது.

கேள்வி: இயற்கையைப் பார்த்து வடிவமைப்பது என்பதெல்லாம் ஆய்வுக் கட்டுரைக்கு அழகு. ஆலையில் எதற்கு உதவும்? நேராகச் சொல்லுங்கள்.
– உற்பத்திப் பிரிவுப் பொறியாளர்

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கோபம் நியாயம்.

அளவை மாற்றினால் இயற்பியல் மாறிவிடுகிறது. பல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் குறுக்குவெட்டு நூறு மடங்கும் எடை ஆயிரம் மடங்கும் கூடும். அரை மில்லிமீட்டர் பல்லுக்கு ஈரத்தின் ஒட்டுதல் பெரிய விஷயம். சுரங்க இயந்திரத்தின் பல்லுக்கு அது தூசு. தோட்டத்து நத்தை தன் அரநாக்கால் கொடுக்கும் அதிகபட்ச விசையே சுமார் பத்து கிராம் எடைக்குச் சமம்தான். பற்களின் முனை அவ்வளவு நுண்ணியது என்பதால் அந்தப் பத்து கிராமே இலையைக் கிழிக்கப் போதுமானதாகிறது. இதை அப்படியே பெரிதாக்கி மலையைக் குடையப் போகிறேன் என்று யாராவது வந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கதவைச் சாத்துவேன்.

ஆனால் கைட்டனைப் பற்றி ஒரு நிமிடம் கேளுங்கள். (கைட்டின் என்பது பொருள், கைட்டன் என்பது விலங்கு. ஓர் எழுத்தில் மாறிவிடும், அச்சுக்கோப்பவர் மன்னிக்கவும்.) இது நத்தை இல்லை, நத்தையின் பங்காளி. முதுகில் எட்டு ஓட்டுத் தகடுகள், வாயில் அதே அரநாக்கு. 1962-ல் ஹெய்ன்ஸ் லோவென்ஸ்டாம் கைட்டன் பல்லின் மேற்பூச்சு மாக்னடைட், அதாவது காந்தக்கல், என்று கண்டுபிடித்தார். காந்தக்கல் பூமியின் ஆழத்துச் சூட்டில் உருவாவது என்று நினைத்திருந்த காலம் அது. ஓர் உயிர் அதைக் கடல்நீரின் குளிர்ச்சியில், உலை இல்லாமல் செய்து பல்லுக்குப் பூசியிருந்தது. உயிர்கள் செய்யும் தாதுக்களில் அதைவிடக் கெட்டியானது இன்றுவரை அறியப்படவில்லை.

அந்தப் பூச்சும் பல்லைச் சுற்றி ஒரே சீராக இல்லை. ஒரு முகம் கெட்டி, பின்னால் இருப்பது மென்மை. மென்மையானது முந்தித் தேய, கெட்டியான விளிம்பு எப்போதும் துருத்திக்கொண்டே நிற்கிறது. தேயத் தேயக் கூர்மை. எலியின் முன்பல்லிலும் இதே உத்திதான். சாணை பிடிக்காமலேயே சாணை பிடித்துக்கொள்ளும் கத்தியை உங்கள் ஆலை வேண்டாமென்று சொல்லுமா?

இன்னும் ஒன்று. அவ்வளவு கெட்டியான பல், அவ்வளவு மென்மையான நாடாவில் எப்படிப் பிய்ந்துபோகாமல் நிற்கிறது? கெட்டியும் மென்மையும் சந்திக்கும் இணைப்பில்தான் எதுவும் உடையும்; ரப்பரை உலோகத்தோடு ஒட்ட முயன்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்த தலைவலி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டெர்க் ஜோஸ்டர் குழுவினர் பசிபிக் கரையின் ஒரு பெரிய கைட்டனில், பல்லையும் நாடாவையும் இணைக்கும் தண்டை ஆராய்ந்தார்கள். அதுவரை பாறைகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த சாண்டா பார்பரைட் என்னும் இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் அந்தத் தண்டில் கலந்திருந்தன. எடை அதிகம் கூடாமல் விறைப்பு மட்டும் கூடுகிறது. 2021-ல் வெளியான அந்த ஆய்வில், அதே கலவையை ஒத்த மையைத் தயாரித்து முப்பரிமாண அச்சில் ஓட்டியும் பார்த்துவிட்டார்கள். ஒரே பொருளை ஓர் ஓரத்தில் கல்லாகவும் மறு ஓரத்தில் ரப்பராகவும் படிப்படியாக மாற்றி அச்சிட வழி வந்தால், உங்கள் ஆலையில் பாதி போல்ட்டுகளும் பசைகளும் வேலையிழக்கும்.

வாய்க்கு வெளியேயும் ஒன்று உண்டு. ஆப்பிள் நத்தை தண்ணீரின் மேல்பரப்பில் தலைகீழாகத் தொங்கி, பாதத்தைப் புனலாகச் சுருட்டி, அதை அலையலையாக நெளித்து, மிதக்கும் உணவைத் தன்பக்கம் இழுக்கிறது. 2023-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்த நெளிவை ஒரு சிறிய இயந்திரத் தகட்டில் செய்துகாட்டினார்கள்; மிதக்கும் பிளாஸ்டிக் நுண்துகள்களைச் சேகரிக்கும் எண்ணத்தோடு.

நேராகச் சொல்லச் சொன்னீர்கள். வேகமாக, சூடாக, பெரிதாகச் செய்யும் வேலைக்கு நத்தையிடம் போகாதீர்கள். மெதுவாக, குளிர்ச்சியாக, ஈரத்தில், நொறுங்கிவிடக்கூடிய பரப்பின் மேல் செய்ய வேண்டிய வேலை என்றால், கப்பலின் அடியில் ஒட்டிய பாசி, குழாய்க்குள் படிந்த படலம், உடைக்காமல் எடுக்க வேண்டிய ஆய்வு மாதிரி, அங்கே போங்கள். என் கையில் முதலீடு செய்யப் பணம் இருந்தால் குழாய் துடைக்கும் கருவியில்தான் போடுவேன்.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்கு அரநாக்கு மாதிரி ஒன்று செய்ய விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?
– நான்கு மாணவர்கள்

மோட்டாரில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள்.

ஒரு மெல்லிய ரப்பர்ப் பட்டை, அதன் மேல் ஒட்டிய பற்கள், விளிம்பு உருட்டிய ஒரு பலகை. பட்டையைப் பலகையின் விளிம்பில் வளைத்துக் கையால் இழுத்துப் பாருங்கள். முதலில் அளக்க வேண்டியது வளைவின் ஆரம். பல்லின் உயரம் 5 மில்லிமீட்டர், வரிசைகளுக்கு இடையே அடியில் 4 மில்லிமீட்டர், வளைவின் ஆரம் 10 மில்லிமீட்டர் என்றால், வளைவில் பல் முனைகளின் இடைவெளி 4-ஐ 15-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தது, அதாவது 6 மில்லிமீட்டர். ஆரத்தை 5 ஆக்கினால் 8 மில்லிமீட்டர். பலகையின் விளிம்பைச் சீவுவதாலேயே பற்களின் விரிவை மாற்றிவிடலாம்; பல்லைத் தொடவே வேண்டாம்.

பிறகு பற்கள். விறைப்பான பல் ஒரு பட்டை, அடி நெகிழ்ந்த பல் ஒரு பட்டை. நெகிழ்ந்த பல் வளையும்போது அடுத்த வரிசையைத் தொடுகிறதா என்று பாருங்கள். வளைவில் முனைகள் அகன்றுவிடுவதால் தட்டையில் தொடுகிற பல் அங்கே தொடாமல் போகலாம். அந்த இடைவெளிதான் உங்கள் திட்டப்பணியின் உயிர். காய்ந்த மெழுகு பூசிய கண்ணாடியைச் சுரண்டுங்கள். சுருள்வில் தராசைக் கட்டி இழுத்தால் விசையும் கிடைத்துவிடும். கண்ணாடியில் கீறல் விழாமல் மெழுகு மட்டும் வர வேண்டும். இரண்டு பட்டைக்கும் ஒரே விசை கொடுத்து நூறு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

பற்கள் கழன்று விழும். விழட்டும், திட்டிக்கொண்டு மறுபடி ஒட்டாதீர்கள். எத்தனையாவது இழுப்பில், எந்த வரிசையில், நடுவிலா விளிம்பிலா என்று குறித்து வையுங்கள். எனக்கு எழுதும்போது முதலில் விழுந்த பல்லையும் உறையில் போட்டு அனுப்புங்கள். முறிந்த முகத்தை லென்ஸில் பார்க்க வேண்டும்.